மலைப் பிள்ளைக்கு மெய்யியல் எதற்கு? நியூமன் – அருப்பே: ஓர் ஒப்பாய்வு

கொல்லிமலையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்கும் மாணவிக்கு நாம் என்ன படிக்கச் சொல்கிறோம்? நர்சிங், ஆசிரியர் பயிற்சி, பாலிடெக்னிக், மதிப்பெண் ஒத்துவந்தால் பி.காம். வரலாறு படி, மெய்யியல் படி, கணிதத்தைக் கணிதத்துக்காகவே படி என்று அவளிடம் சொல்பவரைக் காண்பது அரிது. சொல்லாமல் விடுவதில் அக்கறை உண்டு. வீட்டுக்கு விரைவில் ஒரு சம்பளம் வர வேண்டும் என்பது நியாயமான கவலை. அந்தக் கவலையோடு ஒரு தீர்ப்பும் கலந்தே வருகிறது. ஆற அமர யோசிக்கக் கற்றுத்தரும் படிப்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு, கைக்கு வேலை தரும் படிப்பு மலைப் பிள்ளைக்கு என்ற தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்பை உரசிப் பார்க்கும் கடமை எல்லாக் கல்லூரிகளுக்கும் உண்டு. கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1923இல் எழுந்த பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, அதே ஆண்டில் பெண்களுக்காகத் திருச்சியில் பிறந்த ஹோலி கிராஸ் கல்லூரி, 1925இன் சென்னை லயோலா, 1947இன் ஸ்டெல்லா மாரிஸ் என்று தமிழ்நாட்டில் நீளும் இந்த வரிசைக்கு இரண்டு சிந்தனை மரபுகள் பாத்தியதையாக வந்திருக்கின்றன. அறிவை அறிவுக்காகவே தேடக் கற்றுக்கொடு என்பது ஒன்று. கற்றதைப் பிறருக்காக, அதிலும் நீதி மறுக்கப்பட்டவர்களுக்காகச் செலவிடக் கற்றுக்கொடு என்பது மற்றது. முதலாவதன் முழுமையான குரல் ஜான் ஹென்றி நியூமன். இரண்டாவதன் குரல் பேத்ரோ அருப்பே. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கொல்லிமலையை உரைகல்லாக வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இரண்டு மேடைகள்

நியூமன் பேசியது 1852இல், டப்ளினில். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, 1845இல் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தவர் அவர். அயர்லாந்து ஆயர்கள் தங்கள் மக்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் தொடங்க அவரை அழைத்தார்கள். அந்த உரைகளும் பின்னால் எழுதியவையும் சேர்ந்து ‘பல்கலைக்கழகம் என்னும் கருத்து’ என்ற நூலாயின. நூலைப் படிப்பவர்கள் அது பிறந்த நிலத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டு, அதே அளவு மக்கள் கப்பலேறிப் போன நாடு அது. டப்ளினின் பழைய டிரினிட்டி கல்லூரியில் அன்று கத்தோலிக்கர் படிக்கலாம். அதன் ஆய்வாளராகவோ நிர்வாகியாகவோ ஆக முடியாது. இப்படிப்பட்ட மக்களின் முன்னால் நின்றுதான், அறிவு தனக்குத் தானே பயன் என்றார் நியூமன்.

அருப்பே பேசியது 1973 ஜூலை 31 அன்று, ஸ்பெயினின் வலென்சியா நகரில். அன்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் திருவிழா. கூடியிருந்தவர்கள் ஐரோப்பாவின் இயேசு சபைப் பள்ளிகளில் படித்து, வாழ்க்கையில் நல்ல இடத்தை அடைந்துவிட்ட முன்னாள் மாணவர்கள். இயேசு சபையின் உலகத் தலைவரான அருப்பே அவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார். உங்களை நாங்கள் நீதிக்காகப் பயிற்றுவித்தோமா? பதிலையும் அவரே சொன்னார். இல்லை என்றார். இனி எங்கள் கல்வியின் குறிக்கோள் பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவது என்றும், அயலாருக்கு நீதி செய்யாத இறையன்பு பொய்யானது என்றும் அவர் சொன்னபோது அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த சபையின் 32ஆம் பொதுப்பேரவை, நம்பிக்கைப் பணியும் நீதிக்கான பணியும் பிரிக்க முடியாதவை என்று முடிவெடுத்தது. இந்தியாவின் இயேசு சபைக் கல்லூரிகள் அதன் பிறகுதான் தங்களை மறுபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டன.

இரு மேடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வியப்பு புலப்படும். பசித்த நாட்டில் நின்றவர் அறிவின் இன்பத்தைப் பேசினார். வயிறு நிறைந்தவர்கள் நடுவே நின்றவர் கடமையைப் பேசினார். நியூமன் வசதிக்காரர்களின் சிந்தனையாளர், அருப்பே ஏழைகளின் சிந்தனையாளர் என்ற எளிய பிரிவினை இங்கேயே ஆட்டம் காண்கிறது. இழந்தவர்களுக்கு உயர்ந்ததைத் தருவதும் பெற்றவர்களிடம் பகிரச் சொல்வதும் ஒரே நியாயத்தின் இரு முகங்கள்.

அறிவு எதற்கு?

நியூமனின் வாதத்துக்கு மூன்று தூண்கள். முதலாவது, உடலுக்கு ஆரோக்கியம் போல மனத்துக்குப் பண்பட்ட அறிவு. ஆரோக்கியத்தால் ஆயிரம் வேலை நடக்கும். ஆனால் அந்த வேலைகளுக்காக மட்டும் யாரும் ஆரோக்கியத்தை விரும்புவதில்லை. இரண்டாவது, துறைகள் ஒன்றையொன்று திருத்துகின்றன. ஒரு துறையைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டால் அதன் இடம் காலியாகக் கிடக்காது. பக்கத்துத் துறை தனக்குத் தெரியாத விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடும். மெய்யியல் போன இடத்தில் பொருளியல் அறம் பேசும். வரலாறு போன இடத்தில் வதந்தி வரலாறாகும். மூன்றாவது, இப்படிப் பழகிய மனம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அங்கே சிறக்கும். இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சமூகத்துக்கு நல்ல உறுப்பினர்களைத் தருவதுதான் பல்கலைக்கழகத்தின் நடைமுறைப் பயன் என்று நியூமனே எழுதியிருக்கிறார். அவர் பயனை வெறுத்தவரல்ல. பயனை முதலில் கேட்டால் பயனும் கிடைக்காது என்றுதான் எச்சரித்தார்.

அருப்பே அறிவின் இயல்பைப் பற்றித் தனி நூல் எழுதவில்லை. அவருடைய கேள்வி வேறு இடத்திலிருந்து புறப்படுகிறது. அநீதி தனி மனிதரின் தீய குணத்தால் மட்டும் நிகழ்வதில்லை. சட்டம், சந்தை, பழக்கம், நில உடைமை என்று அமைப்புகளுக்குள் உறைந்து கிடக்கிறது. அந்த அமைப்புகளில் மேலே அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். ஆகவே அவர்களைப் படிக்கவைத்த நிறுவனம் தன் பங்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எளிமையாக வாழுங்கள், அநீதியான வழியில் வரும் ஆதாயத்தைத் தொடாதீர்கள், அநீதியான அமைப்புகளை மாற்றத் துணியுங்கள் என்று மூன்று நிலைப்பாடுகளை அவர் முன்வைத்தார்.

ஒருவர் மனத்தின் உள்ளமைப்பைப் பேசுகிறார், மற்றவர் மனம் போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பேசுகிறார். நியூமனிடம் கேட்க வேண்டியது, யாருக்காக என்ற கேள்வி. அருப்பேயிடம் கேட்க வேண்டியது, எதைக் கொண்டு என்ற கேள்வி.

அருப்பேயின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவர் நகரின் விளிம்பில் இருந்த நாகாட்சுகாவில் இயேசு சபையின் புகுமுகத் துறவிகளுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தார். சபையில் சேர்வதற்கு முன் மாட்ரிடில் மருத்துவம் படித்தவர். அந்தப் படிப்பின் துணையோடு துறவு இல்லத்தையே மருத்துவமனையாக்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பராமரித்தார். இரக்கம் மட்டும் இருந்திருந்தால் அவரால் அழ முடிந்திருக்கும். எரிந்த தோலைச் சுத்தம் செய்ய முடிந்திருக்காது. அந்த நாளை நினைத்து எந்தப் பேராசிரியரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. அப்படியொரு நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. பரந்து படித்து வைத்தால்தான் எதிர்பாராத நாளுக்கு உதவ முடியும் என்ற நியூமனின் வாதத்துக்கு அருப்பேயே சாட்சியாக நிற்கிறார்.

படித்து முடித்தவர் எப்படி இருப்பார்?

நியூமன் வரைந்த படித்த மனிதரின் சித்திரம் உலகப் புகழ் பெற்றது. நிதானம், நாகரிகம், அடுத்தவர் மனம் நோகாமல் பேசும் பக்குவம், எதிர்க்கருத்தையும் நேர்மையாக எடைபோடும் திறன். இதையே அவருடைய உச்ச இலட்சியம் என்று நினைப்பவர்கள் பாதியில் புத்தகத்தை மூடியவர்கள். இத்தனை குணங்களும் கடவுள் நம்பிக்கை இல்லாமலேயே ஒருவருக்கு அமையலாம் என்றும், பண்பட்ட அறிவு வேறு, புனிதம் வேறு என்றும் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். கல்வியால் அகந்தையையும் ஆசையையும் வென்றுவிடலாம் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை. பல்கலைக்கழகம் மனத்தைத்தான் பண்படுத்தும். ஆன்மாவைப் பண்படுத்தத் திருச்சபையின் வாழ்வு கூட இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

அந்த இடைவெளியில்தான் அருப்பே வந்து நிற்கிறார். பண்பட்ட மனமும் அநீதியும் ஒரே வீட்டில் வசதியாக வாழ முடியும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டிவிட்டது. ஆகவே மனச்சான்றைப் பயிற்றுவிப்பதை வகுப்பறைக்கு வெளியே தள்ளிவிட முடியாது என்றார் அவர். 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பின் வந்த தலைவர் பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் ஆற்றிய உரையில் இதை அளவுகோலாகவே மாற்றினார். மாணவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை வைத்தே கல்லூரியை எடைபோட வேண்டும்; உண்மை நிலையோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளாமல் மனித ஒருமைப்பாடு வராது என்பது அவர் கருத்து.

இங்கே இரு பாதைகளுக்கும் தனித்தனிப் பள்ளங்கள் உண்டு. நியூமனின் பாதையில் போகிறவர் ரசனையையே அறம் என்று நினைத்து நின்றுவிடலாம். அருப்பேயின் பாதையில் போகிறவர் சேவையைச் சான்றிதழ் ஆக்கிவிடலாம். மூன்று நாள் முகாம், பாதையைச் சுத்தம் செய்தல், குழுப் படம், வருகைப் பதிவேட்டில் மணிக்கணக்கு. மலைக்கு ஏறிய மாணவர் கண்ணுக்கு வறுமை தெரிகிறது. அதன் காரணம் தெரிவதில்லை. காரணத்தைத் தேடச் சமூகவியல், வரலாறு, சூழலியல், சட்டம் எல்லாம் வேண்டும். அவை இல்லாத சேவை, மலையைப் படிக்காமல் மலைக்கு அறிவுரை சொல்லிவிட்டு இறங்குகிறது.

இறையியலின் இடம்

இது கத்தோலிக்கக் கல்வி என்பதால் இறையியலை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது. நியூமனைப் பொறுத்தவரை இறையியல் ஓர் அறிவுத் துறை. கடவுளைப் பற்றிய உண்மை உண்மையானால், எல்லா அறிவையும் கற்பிப்பதாகச் சொல்லும் இடத்தில் அதற்கு நாற்காலி இருந்தே ஆக வேண்டும். அதே மூச்சில், அறிவியலாளர் தம் முறைப்படி சுதந்திரமாக ஆராய வேண்டும், இறையியலாளர் அவசரப்பட்டுக் குறுக்கிடக் கூடாது என்றும் அவர் வாதாடினார். அருப்பேயிடம் இறையியல் முதலில் ஓர் அழைப்பு. ஒடுக்கப்பட்டவரின் முகத்தில் கிறிஸ்துவைக் காணாதவர் கோயிலிலும் காண்பதில்லை என்ற நற்செய்தியின் தீர்ப்பை அவர் கல்விக்கு நீட்டித்தார்.

1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றிய ஆவணம் இரண்டையும் ஒன்றாகக் கட்டியது. உண்மையைத் தேடும் மகிழ்ச்சியில் அது தொடங்குகிறது. மனித மாண்பு, நீதி, இயற்கைப் பாதுகாப்பு, உலக வளங்களின் சமமான பகிர்வு ஆகியவற்றை ஆராயும் கடமைக்கு வந்துசேர்கிறது. திருச்சபை இருவரில் எவரையும் கைவிடவில்லை. நியூமன் 2019இல் புனிதராக உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் 1 அன்று மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். அருப்பேயின் புனிதர் பட்டத்துக்கான விசாரணையும் அதே 2019இல் உரோமையில் தொடங்கியது.

நம் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாமிடம் யாரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. ஆகவே இங்கே இறையியலின் பணி, வாழ்வின் இறுதிக் கேள்விகளை வகுப்பறையிலிருந்து விரட்டாமல் காப்பது. கரியராமனை வணங்கும் கொல்லிமலை மக்களின் நம்பிக்கையையும் அங்குள்ள அறப்பளீசுவரர் கோயில் மரபையும் மதிப்போடு ஆராயும் இடம் ஒன்று கத்தோலிக்கக் கல்லூரியில் இருக்குமானால், அது நியூமன் கேட்ட நாற்காலிக்கு மாறானது ஆகாது.

திருச்சி மண்ணில் இரு வாழ்வுகள்

கருத்தை மனிதரில் பார்ப்பது நல்லது. திருச்சியோடு தொடர்புடைய இரண்டு இயேசு சபைத் துறவிகள் இந்த இரு மரபுகளுக்கும் தமிழ்நாட்டு முகம் தந்தவர்கள்.

ஒருவர் அருட்தந்தை கே. எம். மேத்யூ. தூய வளனார் கல்லூரியின் தாவரவியலாளர். அங்கே 1967இல் தோன்றிய ராப்பினா உலர்தாவரத் தொகுப்பகத்தைத் தளமாகக் கொண்டு, கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன் மலைகளையும் அவற்றைச் சூழ்ந்த சமவெளியையும் தம் குழுவோடு நடந்து நடந்து தேடினார். செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, பெயரிட்டு, வரைந்து, 1981 முதல் 1983 வரை ‘தமிழ்நாடு கார்நாட்டிக் தாவரங்கள்’ என்ற பெருந்தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிறகு பழனி மலைத் தாவரங்களுக்கும் அதேபோல் ஒரு பெருநூல் செய்தார். புல்லையும் பூண்டையும் ஒன்று விடாமல் எழுதி வைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் அந்த வேலை முதல் வருடமே நின்றிருக்கும். அது அறிவுக்காகவே அறிவு.

மற்றவர் அருட்தந்தை ஸ்டேன் சுவாமி. 1937இல் அன்றைய திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்தவர். பிலிப்பைன்ஸில் சமூகவியல் பயின்று, 1975 முதல் 1986 வரை பெங்களூர் இந்திய சமூக நிறுவனத்தை நடத்தி, பிறகு ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழப் போனார். பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாம் அட்டவணை, அப்பகுதிகளுக்குப் பஞ்சாயத்து ஆட்சியை விரித்த 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், வன உரிமை, கிராம சபையின் அதிகாரம் என்று ஆதிவாசிகளுக்கு அரசியலமைப்பும் சட்டமும் தந்தவற்றை அவர்களுக்கே எடுத்துச் சொன்னார். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றும் அவர் நடத்திய மையத்திலிருந்து வெளிவந்தது. 2020 அக்டோபரில், மாவோயிஸ்டுத் தொடர்பு என்று குற்றம்சாட்டிய எல்கர் பரிஷத் வழக்கில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையிலேயே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் உயிர்நீத்தார். பிறருக்காக வாழ்தல் என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான விளக்கம் தேடவேண்டியதில்லை.

மேத்யூ நியூமன் பக்கம், ஸ்டேன் சுவாமி அருப்பே பக்கம் என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். அங்கே நின்றால் இருவரையும் பாதியாகத்தான் பார்த்தவர்கள் ஆவோம். ஒரு மலையில் என்ன நிற்கிறது என்ற பதிவு இருந்தால்தான் எது அழிகிறது என்று சொல்ல முடியும். கொல்லிமலையில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்ட காலம் உண்டு; சுற்றுச்சூழல் அனுமதி குறித்த வழக்குக்குப் பின் அது நின்றது. அத்தகைய போராட்டம் எங்கே எழுந்தாலும், அன்று யாருக்கும் பயனில்லை என்று தோன்றிய தாவரப் பட்டியல் மலைக்காகப் பேசும் சான்றாகிறது. மறுபக்கம், ஸ்டேன் சுவாமியின் கையில் இருந்த கருவி ஆய்வு. சட்டத்தைப் படித்தார், ஆவணங்களைத் திரட்டினார், எண்களை அடுக்கினார், காரணத்தை எழுதினார். தேடலுக்காகவே தேடியவரின் உழைப்பு மக்களுக்குப் பயன்பட்டது. மக்களுக்காக நின்றவரின் வலிமை தேடலிலிருந்து வந்தது.

மலை வைக்கும் சோதனை

இனி கொல்லிமலைக்கே போகலாம். வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் இந்த மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊர்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோரின் வழியினர் என்பது அவர்களின் மரபுக் கதை.

இங்கே கிறிஸ்தவப் பணி முதலில் வந்தது சீர்திருத்த சபையின் வழியாக. பாப்டிஸ்ட் மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்தோடும் பள்ளிக்கூடத்தோடும் மலையேறினார்கள். 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்தார். 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் இலண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்ட முன்னோடியானார். தொழுநோயில் விரல்கள் ஏன் உருக்குலைகின்றன என்று அவர் விடாமல் கேட்டார். சதை தானாக அழுகிப் போவதில்லை, வலி உணராததால் காயம்பட்டுக் காயம்பட்டுச் சிதைகிறது என்ற விடை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் ‘ஏன்’ என்ற கேள்வியும் சேவையும் ஒரே மனத்தில் இருந்தால் என்ன விளையும் என்பதற்குக் கொல்லிமலையோடு பிணைந்த சான்று அவர்.

அதே ‘ஏன்’ இன்று சாமைக்கும் வேண்டியிருக்கிறது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, திரிகுலாசாமை என்று மலை மக்கள் பெயர் சொல்லிப் பேணிய இரகங்கள் சுருங்கி, சேலம், இராசிபுரம் வட்டாரச் சேகோ ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு நிலத்தைப் பிடித்துக்கொண்டது. ஏன்? கிழங்கு கையில் பணம் தருகிறது என்பது பொருளியல் தரும் விடை. சாமையை உரலில் குத்திப் புடைக்கும் பாரம் முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது என்பது சமூகவியல் தரும் விடை. ரேஷன் அரிசி வந்தபின் சோறு மாறியது என்பது அரசியல் வரலாறு தரும் விடை. தொடர்ந்து கிழங்கு போட்ட சரிவில் மண் என்ன ஆகிறது என்பது சூழலியல் தேடவேண்டிய விடை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே 1990களிலிருந்து செய்துவரும் பணியில் விதைப் பாதுகாப்போடு உமி நீக்கும் சிறிய இயந்திரங்களும் சேர்ந்து வந்ததற்குக் காரணம், இந்த விடைகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் சாமை பிழைக்காது என்பதுதான். ஒரு துறையை அகற்றினால் மற்றவை தவறாகத் தீர்ப்பளிக்கும் என்று நியூமன் டப்ளினில் சொன்னது இங்கே வயலில் மெய்யாகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஸ்டேன் சுவாமி எடுத்துரைத்த ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்ற பாதுகாப்பு தமிழ்நாட்டில் எந்த மலைக்கும் கிடையாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கே செல்லும், பெசா செல்லாது. ஏன் இப்படி ஆனது, இதனால் என்ன இழப்பு, மாற்ற வேண்டுமா, மாற்றினால் யாருக்குப் பயன் என்ற கேள்விகளை ஒரு கொல்லிமலைப் பட்டதாரியே கேட்க வேண்டும். அதற்கு வரலாறும் அரசியல் கோட்பாடும் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சி ஒருவருக்குச் சம்பளம் தரும். தம் மக்களின் நிலையைப் பற்றித் தம் குரலில் வாதாடும் ஆற்றலை அது மட்டுமே தந்துவிடாது. அந்த ஆற்றலை மலைப் பிள்ளைக்குத் தராமல் வைத்துக்கொண்டு, அவர்களுக்காக நாங்கள் பேசுகிறோம் என்று கீழேயிருந்து சொல்வது அருப்பே கேட்ட நீதி ஆகாது.

கற்பிப்பவர் யார்?

நியூமனின் டப்ளின் பல்கலைக்கழகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நியமனம் உண்டு. 1854இல் ஐரிஷ் வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் அவர் பேராசிரியராக அமர்த்தியவர் யூஜின் ஓ’கரி. கிளேர் மாவட்டத்து விவசாயியின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். பழைய ஐரிஷ் சுவடிகளைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தவர். பஞ்சத்தில் தேய்ந்துகொண்டிருந்த ஒரு மொழியின் சுவடிகளைப் பற்றி அவர் பேசியதை நியூமனே வந்து அமர்ந்து கேட்டார். 1861இல் அந்த விரிவுரைகள் நூலாக வந்தன.

இந்த நியமனம் நியூமனைப் பற்றிய வழக்கமான சித்திரத்தை மாற்றிவிடுகிறது. அறிவு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதை அரியணையில் அமர்த்துவதுதான் பல்கலைக்கழகம் என்றால், சாமை இரகங்களைக் கண்ணால் பிரித்தறியும் மலை மூதாட்டியும் மூலிகை அறிந்த வைத்தியரும் அதற்கு வெளியே நிற்கக் கூடாது. நியூமன் ஐரிஷ் சுவடிக்குச் செய்ததையே அருப்பே வேறு சொல்லில் கேட்டார். ஏழைகள் நம் கருணையின் பொருள் அல்லர், நம் ஆசிரியர்களும்கூட. இந்த இடத்தில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் வெகுவாகக் குறைகிறது.

நியூமனின் பல்கலைக்கழகம் தடுமாறியதையும் மறைக்கக் கூடாது. பட்டம் வழங்கும் அரசு உரிமை கிடைக்கவில்லை, ஆயர்களோடு ஒத்துப்போகவில்லை. 1858இல் அவர் விலகினார். 1855இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதில் நன்றாக வேரூன்றியது. அறிவுக்காகவே அறிவு என்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பிழைத்துக்கொண்டது என்பது சிந்திக்க வேண்டிய பாடம். ஏழைச் சமூகம் பிழைப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் படிக்க முடியாது. அருப்பேயின் பக்கத்திலிருந்து வரும் பதில் இதற்குத் தேவைப்படுகிறது. பரந்த கல்வியை ஏழைக்குத் தர வேண்டுமானால் அந்த ஆண்டுகளின் செலவைச் சமூகமும் நிறுவனமும் ஏற்க வேண்டும். விடுதி, உதவித்தொகை, முதல் ஆண்டில் கைகொடுக்கும் மொழிப் பயிற்சி, படிப்புக்குப் பின் நிற்க ஓர் இடம். இவை இல்லாமல் மெய்யியல் படி என்று சொல்வது வெறும் வார்த்தை.

ஒப்பின் முடிவு

இருவரையும் ஒப்பிட்டதில் நான் வந்தடையும் முடிவு இது. நியூமன் சொன்னது கல்வியின் உள்ளடக்கம். அருப்பே சொன்னது அதன் உரிமையாளர் யார் என்பது. மிகச் சிறந்த, மிகப் பரந்த, உடனடிப் பயனுக்கு வளையாத கல்வி யாருக்கு இதுவரை மறுக்கப்பட்டதோ அவருக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும். நல்ல கல்வி ஒன்று, ஏழைக்கான கல்வி இன்னொன்று என்று இரண்டு சமையல் செய்வதை இருவருமே ஏற்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. வரலாறு, மெய்யியல், இலக்கியம், தூய அறிவியல் ஆகிய துறைகளைச் சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் காட்டி மூடக் கூடாது. அங்கே கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு முழு உதவியோடு இடம் ஒதுக்க வேண்டும். மலைக்குப் போகும் மாணவர் குழு, போவதற்கு முன் ஒரு பருவமாவது மலையைப் படித்திருக்க வேண்டும். திரும்பி வந்தபின் எழுதியதை மலை மக்கள் முன் வாசித்துத் திருத்தம் கேட்க வேண்டும். விதையும் மூலிகையும் அறிந்த மலை மக்களை ஊதியத்தோடும் மரியாதையோடும் வருகைதரு ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். வளாக வேலைவாய்ப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கோடு, எத்தனை முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆய்வுக்கும் சட்டத்துக்கும் எழுத்துக்கும் பொதுவாழ்வுக்கும் போனார்கள் என்ற கணக்கும் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும்.

நர்சிங் படிக்க விரும்பும் மலைப் பெண் நர்சிங் படிக்கட்டும். அது உயர்ந்த தொழில். அவள் மெய்யியல் படிக்க விரும்பினால் அந்தக் கதவும் அதே அகலத்தில் திறந்திருக்க வேண்டும். எதைத் தேர்வது என்று அவளே யோசித்து முடிவெடுக்கும் நிலையை உண்டாக்குவதில்தான் அறிவின் சுதந்திரமும் நீதியும் ஒன்றாகின்றன. கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்விக்கு இதைவிட நேர்மையான நோக்கம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.